எழுபது கிராம் கத்தி

சின்னவள் தனக்கென்று ஒரு மடக்குக் கத்தி வாங்கப் போகிறாள் என்ற செய்தி குடும்பம் முழுக்கப் பரவ அரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. அவள் சொன்னது புருஷனிடம் மட்டும்தான், அதுவும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே. அவன் "சரி, பார்க்கலாம்" என்று தலையாட்டிவிட்டு, மாடிப்படிக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டான். அண்ணன் தன் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள், அதாவது சின்னவளின் ஓரகத்தி, இஸ்திரிப் பெட்டி ஆறுவதற்குள் கூப்பிட்டுவிட்டாள்.

"கத்தியா? உனக்கா? எதுக்கும்மா இந்த வம்பு? எது வெட்டணும்னாலும் நாங்க இல்லையா?"

"இருக்கீங்கக்கா. அதனாலதான் வாங்கறேன்."

ஓரகத்திக்கு அது விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல சின்னவளுக்கும் அன்று பொறுமை இல்லை.

அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் வருஷத்துக்கு இரண்டு தடவை கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டோரம், ஏரிக்கரை என்று கிளம்பிவிடுவார்கள். இதற்கெல்லாம் தலைவர் அண்ணன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவராகவே பதவி ஏற்றுக்கொண்டார். கழுத்தில் விசில், சட்டைப் பையில் பட்டியல் எழுத ஒரு பேனா, இடுப்பில் முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தி. கத்தியின் பிடிக்குள் ஒரு திசைகாட்டி வேறு. அதை நம்பி ஒரு தடவை எல்லோரும் அருவி பார்க்கக் கிளம்பி, இரண்டு மணி நேரம் நடந்து, கார் நிறுத்திய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கமாண்டர். கிண்டலுக்கு வைத்தது என்று தெரியாமல் அவர் அதில் குளிர்ந்துபோயிருந்தார்.

கமாண்டரிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. கூடாரம் அடித்ததும் எல்லார் கத்தியும் அதற்குள் போய்விட வேண்டும். வேண்டியவர்கள் கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பிய எல்லோருக்கும் கொடுப்பார். சின்னவளுக்கு மட்டும் கிடையாது. காரணம், அவளுடைய வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாம் கணுவோடு நின்றுவிட்டன. பட்டறை மெஷின் எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது.

அதற்கு முன் பதினாலு வருஷம் அவள் ஆயத்த ஆடைப் பட்டறையில் துணி வெட்டியவள். நாற்பது அடுக்கு துணியைப் பரப்பி, மேலே சாக்பீஸ் கோடு போட்டு, வட்ட பிளேடு சுழலும் மெஷினை அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டிக் கொண்டுபோவாள். அடியில் இருக்கும் நாற்பதாவது துணியும் முதல் துணியும் ஒரே அளவில் வரும். அப்படிப்பட்டவளுக்கு இப்போது வீட்டில் ஆப்பிள் துண்டு போட்டு வருகிறது. காய்கறிக் கத்தி அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டது. புருஷன் வேலைக்குப் போனதும் ஸ்டூல் போட்டு அதை இறக்கிச் சமைத்துவிட்டு, மறுபடியும் ஏற்றி வைப்பாள். காய் தன்னைத்தானே நறுக்கிக்கொண்டு குழம்பில் குதிக்கிறது என்று நம்புகிறவன்போல அவனும் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவான்.

போன தடவை ஏரிக்கரையில் ரொட்டிப் பொட்டலத்தின் கயிறு அவிழவில்லை. கமாண்டரின் மகள், பதிமூன்று வயது, பெட்டியிலிருந்து கத்தியோடு ஓடிவந்தாள். "சித்தி, நான் வெட்டறேன், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். சின்னவள் தள்ளி நின்றாள். ஆனால் அந்த ரொட்டி அவளுக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அதையும் அவள் விழுங்கியிருப்பாள். விழுங்க முடியாதது செவ்வாய்க்கிழமை நடந்தது.

பட்டறையில் மூத்த கட்டர் ஊரை விட்டுப் போகிறார், வெட்டுமேசையில் ஓர் இடம் காலி என்று கேள்விப்பட்டு, சின்னவள் மேனேஜரின் அறைக்குப் போனாள். விபத்துக்குப் பிறகு அவளை மடிப்பு மேசைக்கு மாற்றியிருந்தார்கள். சட்டையை மடி, அட்டை வை, கவரில் போடு, அடுத்த சட்டை. மூன்று வருஷமாக மதிய இடைவேளையில் கழிவுத் துணியை வைத்து இடது கையால் மெஷின் ஓட்டப் பழகியிருந்தாள். துணியை அமுக்கிப் பிடிக்க வலது கையில் மிச்சமிருக்கும் மூன்று விரல் தாராளம். வேண்டுமானால் இப்போதே வெட்டிக் காட்டுகிறேன் என்றாள்.

மேனேஜர் பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, ஒரே ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

'என் மனைவியின் கவனக்குறைவால் இந்த விபத்து நேர்ந்தது. இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை.'

கீழே அவள் புருஷனின் கையெழுத்து. தேதி, அவள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தில் கிடந்த நாள். மேலே எழுதியிருந்த கையையும் அவளுக்குத் தெரியும். எத்தனை முகாம் பட்டியலில் பார்த்திருக்கிறாள், முத்து முத்தான கமாண்டரின் எழுத்து.

"கவனக்குறைவுன்னு ஃபைல்ல இருக்கிற ஆளை நான் எப்படிம்மா வெட்டுமேசையில நிறுத்தறது? உங்க வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்தது" என்றார் மேனேஜர். "இது தப்புன்னு அவரே எழுதித் தந்தா பார்க்கலாம். மாசக் கடைசி வரைக்கும் இடத்தை நிறுத்தி வைக்கறேன்."

பிளேடுக்கும் விரலுக்கும் நடுவே நிற்கும் தடுப்புத் தகட்டைப் பட்டறையில் கார்டு என்பார்கள். அந்த வாரம் கார்டைக் கழற்றி வைத்திருந்தார்கள், அது இல்லாவிட்டால் வேகமாக வெட்டலாம் என்று. மாட்டித் தாருங்கள் என்று சின்னவள் மூன்று நாள் கேட்டாள். 'ஆர்டர் போகட்டும்மா' என்று மூன்று நாளும் சூப்பர்வைசர் சொன்னார். மூன்று நாளும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்றைக்கும் கார்டு மாட்டவில்லை என்று புருஷனிடம் புலம்பினாள். அவனும் பார்த்து வேலை செய் என்று சொல்லியிருந்தான். நான்காம் நாள் விரல் போயிற்று.

வீட்டுக்கு வந்து அவள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயம். அழுதால் அவன் தட்டிக்கொடுத்துச் சமாதானம் செய்வான், அதோடு காரியம் கெட்டுவிடும். தானாகச் சொல்கிறானா பார்க்கலாம் என்று ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவனுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கோபம் மூக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "எனக்கு ஒரு கத்தி வாங்கணும். முகாமுக்கு. என் பாக்கெட்டில வெச்சுக்க" என்றாள்.

சனிக்கிழமை காலை கூடாரச் சாமான் விற்கும் கடைக்குப் போனார்கள். புருஷனும் கூடவே வந்தான். காவலுக்கு வருகிறவன்போல அரை அடி பின்னாலேயே நடந்தான்.

கடைக்காரர் பருத்த மனிதர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சின்னவள் கத்தி என்றதும் அவர் புருஷனைப் பார்த்து, "எந்த மாதிரி சார்?" என்றார்.

"சின்னதா, லேசா இருக்கணும். முக்கியமா ஆபத்து இல்லாததா" என்றான் அவன்.

அவர் யோசித்துவிட்டு மஞ்சள் பிளாஸ்டிக் பிடி போட்ட ஒன்றை எடுத்து வைத்தார். முனை நகம்போல வட்டமாக இருந்தது. பிடியில் யானைப் படம்.

"இது எட்டு வயசுப் பிள்ளைங்களுக்கு சார்."

"பரவாயில்ல, இதே போதும்."

சின்னவள் யானையைப் பார்த்தாள். பிறகு தோள்பையைத் திறந்து கண்ணாடி மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கூடாரக் கயிறு ஒரு முழம், முரட்டுப் பேன்ட் துணி நாலு மடிப்பு, அட்டைப்பெட்டித் துண்டு ஒன்று.

"அண்ணே, வாங்கப் போறது நான். என்கிட்ட பேசுங்க. இதையெல்லாம் வெட்டிப் பார்த்துதான் எடுப்பேன். சம்மதமா?"

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள் கையைப் பார்த்தார், பார்க்காததுபோல நடிக்கவும் இல்லை. "என்னம்மா தொழில்?"

"துணி வெட்டறது. பதினாலு வருஷம்."

"அப்ப உட்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

முதலில் வந்தது மரப்பிடி போட்ட அழகான கத்தி. கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத எடை. நகத்தை உள்ளே விட்டு இழுத்தால் திறக்கும். சின்னவள் திறந்து, பிளேடின் முதுகில் அழுத்தினாள். அது சட்டென்று மடங்கி வந்தது.

"இதுக்குப் பூட்டு இல்லையே."

"பழைய மாடல் அப்படித்தாம்மா. நிறையப் பேர் இதைத்தான் கேப்பாங்க."

"அவங்களுக்குப் பத்து விரல் இருக்கும். எனக்கு எட்டுதான், நான் கொஞ்சம் சிக்கனம் பார்க்கணும்" என்று திருப்பி வைத்தாள். கடைக்காரர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தவித்துவிட்டு, சிரித்தே விட்டார்.

அடுத்தது பதினாலு கருவி அடங்கியது. ரம்பம், கத்தரி, மூடி திறப்பான், பல் குத்தும் குச்சி. பேன்ட் பாக்கெட்டில் போட்டுப் பார்த்தாள். பேன்ட் ஒரு பக்கமாக இறங்கியது. "இதை வெச்சு வீடே கட்டலாம். எனக்குக் கயிறு வெட்டினா போதும்" என்று அதையும் தள்ளினாள்.

மூன்றாவது நன்றாக இருந்தது. கட்டை விரலால் தள்ளினால் திறந்தது, உள்ளே ஒரு தகடு நகர்ந்து வந்து பிளேடை நிறுத்தியது. நாலு மடிப்புத் துணியில் ஓட்டினாள், ஒரே இழுப்பில் போயிற்று. கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்துவிட்டார். ஆனால் சின்னவள் அதை மூடிப் பார்த்தாள், ஒரு தடவைக்கு மூன்று தடவை.

"பாருங்கண்ணே. மூடறப்ப இந்தத் தகட்டைத் தள்ளக் கட்டை விரல் உள்ள போகணும். பிளேடு திரும்பி வர்ற வழியும் அதேதான். ஒரு செகண்ட் அசந்தா போச்சு."

கடைக்காரர் வாங்கி மூடிப் பார்த்தார். தன் கட்டை விரல் எங்கே நிற்கிறது என்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கவனித்தவர்போல, "அட, ஆமா" என்றார். பிறகு மேசையின் கீழ்த்தட்டுக்குக் குனிந்து ஒரு சின்னப் பெட்டியைத் தேடி எடுத்தார்.

சாம்பல் நிறப் பிடி, தட்டையானது. பிளேடு அவள் உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாது. பிடியின் இரண்டு பக்கமும் ஒரு குமிழ், அதைப் பின்னால் இழுத்தால் பூட்டு விடும், பிளேடு தானாக மடங்கும். அதன் வழியில் எந்த விரலும் நிற்க வேண்டியதில்லை. வலது கையில் வைத்தாள். மோதிர விரலும் சுண்டு விரலும் பிடியைக் கட்டிக்கொண்டன. கட்டை விரலால் திறந்தாள், மூடினாள். இடது கைக்கு மாற்றித் திறந்தாள், மூடினாள். கடைக்காரர் தராசில் வைத்துக் காட்டினார், எழுபது கிராம். சின்னவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குபுகுபுவென்று கிளம்பியது. மூன்று வருஷமாக இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

கயிற்றை வெட்டக் குனிந்தபோதுதான் பின்னால் புருஷனின் குரல் கேட்டது. கடைக்காரரிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பார்த்துக் கொடுங்க சார். அவளோட கவனக்குறைவாலதான் விரலே போச்சு."

சின்னவள் கத்தியை மூடி மேசைமேல் வைத்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை. கடைக்காரரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அண்ணே, கவனக்குறைவு இல்ல. மெஷின்ல கார்டு கழட்டியிருந்தாங்க. மூணு நாள் கேட்டேன், மாட்டல. நான் மயக்கத்துல கிடந்தப்ப கவனக்குறைவுன்னு ஒருத்தர் எழுதினார், இவர் கையெழுத்து போட்டார். செவ்வாக்கிழமைதான் அந்தப் பேப்பரைப் பார்த்தேன்."

புருஷனின் முகம் சுண்டிப்போயிற்று. "இங்க வேணாம்" என்றான்.

"சரி. எங்க?"

கடைக்காரர் பில் போடுவதில் மும்முரமாகிவிட்டார், பாவம். சின்னவள் தன் பர்ஸைத் திறந்து தானே பணம் கொடுத்தாள்.

தெருவில் நூறடி நடந்த பிறகுதான் அவனுக்கு வாய் திறந்தது. "உன் நல்லதுக்குத்தான். கையெழுத்து போட்டா உன் வேலை போகாதுன்னாங்க. அண்ணனும் போடுன்னார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"அன்னைக்கு ஓடல, ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்ததே? ஒரு நாள் சொல்லியிருக்கலாம்." அவள் நடையை நிறுத்தினாள். "பொய்யின்னு தெரிஞ்சு போட்டீங்க. போகப் போக நீங்களே அதை நம்பிட்டீங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. வீட்டுல கத்தியை மேல்தட்டுல ஏத்தினது யாரு?"

ஒரு பஸ் போயிற்று. அவன் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். வெட்டுமேசையில் இடம் காலி என்பதையும், மேனேஜர் அவனிடம் எழுதி வாங்கி வரச் சொன்னதையும் வீடு போய்ச் சேருவதற்குள் அவள் சொல்லி முடித்தாள். அந்த வாரம் முழுக்க அவன் தானாக அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை முகாம். ஏரிக்கரையில் கூடாரம் அடித்து முடித்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கமாண்டர் விசில் ஊதினார். தகரப் பெட்டியை மடக்கு மேசைமேல் வைத்துத் திறந்தார். பிள்ளைகள் கத்தியைப் போட்டார்கள், புருஷன் போட்டான். சின்னவள் தக்காளி கழுவிக்கொண்டிருந்தாள்.

"சின்னவளே, நீயும் புதுசா ஒண்ணு வாங்கியிருக்கியாமே. போடு."

"இல்ல மாமா. இது என் பாக்கெட்டிலயே இருக்கட்டும்."

கமாண்டருக்கு இப்படி ஒரு வாக்கியம் பழக்கமில்லை. விசிலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எல்லாருக்கும் ஒரே சட்டம்மா."

"அந்தச் சட்டத்துல எல்லாருக்கும் கத்தி திரும்ப வருது. எனக்கு மட்டும் வர்றதில்லையே."

"கோபப்படாம கேளு. ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு என்னோடது. ஒரு தடவை கவனக்குறைவா இருந்தவங்க..."

அவர் முடிக்கவில்லை. சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டாள். பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்து, மூடியபடியே உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"போடறேன் மாமா. அதுக்கு முன்னாடி ஒண்ணு எழுதித் தாங்க. மெஷின்ல கார்டு இல்ல, என் மேல தப்பு இல்லன்னு. உங்க எழுத்துதான் முத்து முத்தா இருக்கே. ஆஸ்பத்திரியில உட்கார்ந்து எழுதினீங்களே, அதே மாதிரி."

கமாண்டர் தம்பியைப் பார்த்தார். "சொல்லிட்டியாடா?"

"நான் சொல்லலண்ணே. அவளே பார்த்துட்டா."

"என்ன எழுதினீங்க?" என்று கூடாரத்துக்குள்ளிருந்து வெளியே வந்தாள் ஓரகத்தி. அவளுக்கும் இது புதுச் செய்தி என்று அப்போதுதான் சின்னவளுக்குத் தெரிந்தது. "ஏங்க, என்ன எழுதினீங்க இவளைப் பத்தி?"

"குடும்பத்து நல்லதுக்குத்தான்..." என்று இழுத்தார் கமாண்டர். பிறகு குரலை உயர்த்தினார். "அதெல்லாம் இப்ப எழுத முடியாதும்மா. கார்டு இருந்துச்சா இல்லையான்னு நான் என்ன கண்டேன்? பார்க்காததை எப்படி எழுதறது?"

"அன்னைக்கும் பார்க்கலையே மாமா. எழுதினீங்களே."

ஓரகத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கமாண்டரையே பார்த்தாள். பிள்ளைகள் நாலு பேரும் கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டுவதுபோலப் பாவனை செய்துகொண்டு காதை இங்கே வைத்திருந்தார்கள். சின்னவள் பத்து எண்ணும் நேரம் காத்திருந்தாள். பிறகு கத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"எழுதறப்ப சொல்லுங்க. அப்ப பெட்டியில போடறேன்."

அவள் தக்காளிப் பக்கம் திரும்பும்போது புருஷன் எழுந்தான். அண்ணனிடம் போய், அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தானே உருவினான். கேட்டு எடுக்கவில்லை. முகாம் பட்டியலைத் திருப்பி, தண்ணீர் டிரம்மின் மேல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். அவனுக்கு எழுத்து வராது, கோழி கிளறியதுபோல இருக்கும். ரொம்ப நேரம் எழுதினான். அதற்குள் சின்னவள் புதுக் கத்தியால் தக்காளியை வட்ட வட்டமாக அரிந்து தட்டில் அடுக்கிவிட்டாள். ஒரே கனம், ஒரே அளவு. யாரும் தள்ளி நில் என்று சொல்லவில்லை.

அவன் கொண்டுவந்து நீட்டினான். "மேனேஜர் கேட்டாரில்ல, இது போதுமா பாரு."

அவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். கார்டு கழற்றியிருந்தது, மூன்று நாள் கேட்டது, யாரும் மாட்டாதது, எல்லாம் இருந்தது. என் மனைவியின் மீது தவறில்லை என்று இருந்தது. கடைசி வரியில், 'விவரம் தெரியாமல் அன்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்' என்று இருந்தது.

சின்னவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். இதோடு விட்டுவிடலாம், பாவம், இவ்வளவு தூரம் வந்தானே என்று ஒரு மனசு சொன்னது. அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"'விவரம் தெரியாம'ங்கறதை அடிங்க."

"அப்படி எழுதினா பட்டறையில என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"மூணு வருஷமா என்னைப் பத்தி என்ன நினைச்சாங்களோ, அதைவிடக் கம்மியாத்தான் நினைப்பாங்க. மூணு நாள் சாயங்காலமும் உங்ககிட்டதானே வந்து சொன்னேன்?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை. அவன் தாளை மேசைமேல் வைத்து, அந்த இரண்டு சொல்லையும் குறுக்கே அடித்தான். மேலே, இருக்கிறதே தெரியாத அளவுக்குப் பொடியாக, 'தெரிந்தே' என்று எழுதினான்.

"பெருசா எழுதுங்க" என்றாள் சின்னவள்.